ஐந்தரை அடிப் பலகையில் ஆம்பூர் ஸ்டேஷன்!
வீட்டுக்குள் ரெயில் ஓட்டுவது எப்படி?

பையனுக்குப் பிறந்த நாள். அப்பா ஒரு ரெயில் பொம்மை வாங்கி வருகிறார். வட்டமாகத் தண்டவாளம். ஒரு என்ஜின். மூன்று பெட்டிகள். சாவி கொடுத்தாலோ, பாட்டரி போட்டாலோ "கடகட"வென்று சுற்றுகிறது. வீடே கூடி நின்று வேடிக்கை பார்க்கிறது.

முதல் நாள் நூறு சுற்று. இரண்டாம் நாள் இருபது சுற்று. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ரெயில் பரண் மேல் இருக்கும்!

குற்றம் பையனுடையது அல்ல. பொம்மையுடையதும் அல்ல. அந்த ரெயிலுக்குப் போக ஊர் இல்லை. ஏற்றச் சரக்கு இல்லை. காத்திருக்க ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறது. அதை எத்தனை நாள்தான் பார்ப்பது?

அந்த ரெயிலுக்கு ஒரு ஊரும், ஒரு வேலையும் கொடுத்துப் பாருங்கள். அதே என்ஜின், அதே பெட்டிகள் பல ஆண்டுகள் அலுக்காது. மேல் நாடுகளில் இதைப் பெரியவர்களே பெரிய கலையாக வளர்த்திருக்கிறார்கள். "மாதிரி ரெயில்" என்று இதற்குப் பெயர். வெறுமனே ஓட விட்டு ரசிப்பது ஒரு வகை. உண்மையான ரெயில்வேயைப்போல வேலை வாங்குவது இன்னொரு வகை. அந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

இதற்கு வேலூர்ப் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

ரெயில் பிறந்த வட்டாரம்

தென்னாட்டின் முதல் பயணி ரெயில் எங்கே ஓடியது தெரியுமா? சென்னை ராயபுரத்தில் புறப்பட்டு, வாலாஜா ரோடு வரை வந்தது. 1856-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி. ஏறக்குறைய 100 கிலோ மீட்டர் தூரம். அடுத்த சில ஆண்டுகளில் பாதை மேற்கே நீண்டு ஜோலார்பேட்டையைத் தொட்டது. 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை போனது.

காட்பாடியில் நின்று பாருங்கள். நாலு திக்கிலும் தண்டவாளம். கிழக்கே அரக்கோணம், சென்னை. மேற்கே ஜோலார்பேட்டை. வடக்கே பாகாலா, திருப்பதி. தெற்கே பாலாற்றைத் தாண்டி வேலூர் கண்டோன்மெண்ட், திருவண்ணாமலை, விழுப்புரம். இதில் விழுப்புரம் பாதை வெகு காலம் மீட்டர் பாதையாக இருந்தது. அகலப் பாதை வேகன் அதில் போகாது. ஆகவே ஒரு வேகனில் வந்த சரக்கை இறக்கி, மற்றொரு வேகனில் ஏற்றியாக வேண்டும். 2010-ம் ஆண்டுவாக்கில் அது முழுவதும் அகலப் பாதையாகிவிட்டது.

காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை போகிறவர்கள் லத்தேரி, குடியாத்தம், வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம், ஆம்பூர், விண்ணமங்கலம், வாணியம்பாடி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பார்த்திருப்பார்கள். ஆம்பூரில் தோல், குடியாத்தத்தில் தீப்பெட்டியும் லுங்கியும், வாணியம்பாடியில் மறுபடி தோல். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சரக்கு. மாதிரி ரெயில் கட்டுகிறவனுக்கு வேறு என்ன வேண்டும்?

முதலில் கணக்கு

"காட்பாடி சந்திப்பையே கட்டிவிடலாமே!" என்று பையன் குதிப்பான். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உலகத்தில் மிக அதிகமாகப் புழங்கும் மாதிரி ரெயில் அளவுக்கு "எச்.ஓ." என்று பெயர். உண்மைப் பொருளை 87-ல் ஒரு பங்காகக் குறைத்துச் செய்வது. இந்தக் கணக்கில் ஐந்தரை அடி மனிதன் 2 சென்டி மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்பான். ஏழடி வாசற்கதவு இரண்டரை சென்டி மீட்டர். நமது பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையில் தயாரான பயணி பெட்டி 22 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பலகையில் அது 25, 26 சென்டி மீட்டர்.

இதுவரை சரி. 24 பெட்டி கொண்ட எக்ஸ்பிரஸ் ரெயில்? என்ஜினோடு சேர்த்து 21 அடி நீளம் வரும்! பல வீடுகளில் வாசலிலிருந்து கொல்லைப்புறம் வரை அவ்வளவு இராது. காட்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே உள்ள தூரத்தை 87-ல் வகுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ மீட்டர். அதற்குத் தெருவையே வளைத்துப் போட வேண்டும்.

வட்டப் பாதையிலும் சங்கடம் உண்டு. கடையில் விற்கும் சிறிய வளைவுத் தண்டவாளத்துக்கு ஆரம் 438 மில்லி மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழு வட்டம் போட மூன்றடிக்கு மேல் அகலமான பலகை வேண்டும். அதை எங்கே வைப்பது? கட்டிலைத் தூக்கி வெளியே போட்டால்தான் உண்டு. அம்மா சம்மதிக்கமாட்டார்கள்.

ஆகவே வட்டத்தை மறந்துவிடுங்கள். சுவர் ஓரமாக, அலமாரித் தட்டுப்போல, நீளமான ஒடுங்கிய பலகை போதும். பெரிய சந்திப்பு வேண்டாம். ஒரு சின்ன ஸ்டேஷனின் கூட்ஸ் ஷெட் மட்டும் போதும். ஆம்பூரை எடுத்துக்கொள்வோம். (2019-ல் மாவட்டம் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் வேலூர்க்காரர்கள் ஆம்பூரை விட்டுக்கொடுப்பார்களா?)

இன்னொரு சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லி மீட்டர். இது ஐரோப்பா, அமெரிக்கப் பாதைக்குச் சரியான கணக்கு. நமது அகலப் பாதை அதைவிடப் பெரியது. 1676 மில்லி மீட்டர். 87-ல் வகுத்தால் 19 மில்லி மீட்டருக்கு மேல் வரவேண்டும். ஆக, பலகையில் நம்முடைய ரெயில் கொஞ்சம் ஒடுங்கிய காலில் நிற்கும். இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே நம் யோசனை. எச்.ஓ. பெரிதாக இருக்கிறது என்றால் "என்" என்று ஒரு அளவு உண்டு. 160-ல் ஒரு பங்கு. தண்டவாளம் 9 மில்லி மீட்டர்தான். ஆனால் சிறுவர்களின் விரலுக்கு எச்.ஓ.வே சௌகரியம்.

எந்தக் காலத்து ஆம்பூர்?

இதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். வேறெதையும்விட இது முக்கியம்.

இன்று ஆம்பூரைக் கடக்கும் சரக்கு ரெயில்களைப் பாருங்கள். ஒரே சரக்கு, ஒரே மாதிரி வேகன், தலை முதல் கால் வரை ஒரே ரெயில். புறப்பட்ட இடத்திலிருந்து சேரும் இடம் வரை பிரிக்காமல் போய்விடும். 1980-களிலிருந்தே ரெயில்வே இந்த முறைக்கு மாறிவிட்டது. இரண்டு வேகன், மூன்று வேகன் என்று சின்ன ஸ்டேஷன்களில் சரக்கு ஏற்றி இறக்கிய காலம் போய்விட்டது.

முன்பு அப்படி இல்லை. கூட்ஸ் வண்டி ஸ்டேஷன் ஸ்டேஷனாக நிற்கும். இந்த ஊருக்கு வந்த வேகனைக் கழற்றி விடும். இந்த ஊரிலிருந்து போக வேண்டியதை மாட்டிக்கொள்ளும். என்ஜின் முன்னும் பின்னும் போய் வரும். பாயிண்ட்ஸ்மேன் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக ஓடுவார். "ஷண்டிங்" என்று சொல்வார்களே, அது இதுதான். ஜோலார்பேட்டையிலும் காட்பாடியிலும் ஓய்வு பெற்ற ரெயில்வேக்காரர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வேகனை எடுக்க ஐந்து வேகனை நகர்த்திய கதையைச் சொல்வார். அந்த வேலையின் நுணுக்கம் எந்தப் பாடப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் இருக்கும்போதே கேட்டுக்கொண்டால் உண்டு.

மாதிரி ரெயிலுக்கு உயிர் கொடுப்பது இந்த ஷண்டிங்தான். ஆகவே 1960-களின் ஆம்பூரைத் தேர்ந்தெடுங்கள்.

அந்தக் காலத்துத் தோல் தொழிலை நினைத்துப் பாருங்கள். வெளியூர்களிலிருந்து உப்பிட்ட பச்சைத் தோல் வரும். மயிர் நீக்கச் சுண்ணாம்பு. பதனிட ஆவாரம் பட்டை, வாட்டில் மரப்பட்டை, கடுக்காய். எண்ணெய் வகை. இவ்வளவும் வந்து இறங்கும். பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறும். பாதி பதனிட்ட தோலை அப்படியே அனுப்புவதை 1970-களில் அரசாங்கம் கட்டுப்படுத்திய பிறகுதான் இந்தப் பக்கத்தில் செருப்பும் பூட்சும் பெருகின. ஒரே ஊரில் வரவும் உண்டு, போக்கும் உண்டு. அதுவும் பல தினுசு. கூட்ஸ் ஷெட்டுக்கு வேலை தீராது.

மூன்று தண்டவாளம், எட்டு வேகன்

இனி நமது ஸ்டேஷனைத் திட்டமிடுவோம். இங்கிலாந்துக்காரர் ஒருவர், ஆலன் ரைட் என்பவர், மிகச் சின்ன இடத்தில் அமைக்கக்கூடிய ஒரு ஷண்டிங் விளையாட்டைச் செய்தார். "இங்கில்நூக் சைடிங்ஸ்" என்று அதற்குப் பெயர். உலகம் முழுவதும் பரவிவிட்டது. அதன் எலும்புக்கூட்டை எடுத்து ஆம்பூருக்குப் பொருத்திக்கொள்ளலாம்.

அமைப்பு மிக எளிது. இடது கோடியில் ஒற்றைத் தண்டவாளம். என்ஜினும் மூன்று வேகனும் மட்டும் நிற்கும் நீளம். அதற்கு வலப்புறம் ஒரு பாயிண்டு. அதில் ஒரு கிளை பிரியும். அடுத்து இன்னொரு பாயிண்டு. அதில் இன்னொரு கிளை. ஆக மூன்று பாதை. ஒன்றாம் பாதையில் ஐந்து வேகன் நிற்கும். இரண்டாம் பாதையிலும் மூன்றாம் பாதையிலும் மும்மூன்று வேகன் நிற்கும். அதற்கு மேல் ஒரு வேகன்கூட நிற்கக் கூடாது. அவ்வளவுதான்!

அந்தக் காலத்து நான்கு சக்கர மூடு வேகன் பலகையில் 10 சென்டி மீட்டர் இருக்கும். என்ஜினுக்கு 20. ஆகவே இடது கோடிப் பாதைக்கு 50 சென்டி மீட்டர். பாயிண்டு ஒன்றுக்கு 17 வீதம் 34. பக்கத்துப் பாதை வேகன்கள் உரசாமல் நிற்கக் கொஞ்சம் இடைவெளி. பிறகு ஐந்து வேகனுக்கு 50. எல்லாம் சேர்ந்து ஒன்றரை மீட்டர். ஐந்தரை அடி நீளம், ஓர் அடி அகலம் உள்ள பலகை தாராளம்.

ஒன்றாம் பாதையில் சென்னை கூட்ஸ் உருவாகும். இரண்டாவது, கூட்ஸ் ஷெட். மூன்றாவது, தோல் ஷாப்பின் சொந்த சைடிங். இது நம் பலகை ஆம்பூர். விளையாட்டுக்கு வேண்டியதால் அந்த சைடிங்கை நாமே போட்டுக்கொண்டோம்.

எட்டு வேகனுக்கும் பெயர் கொடுங்கள். பச்சைத் தோல், உப்பு, சுண்ணாம்பு, ஆவாரம் பட்டை, கடுக்காய், பதனிட்ட தோல், நிலக்கரி, காலி வேகன். எட்டுத் துண்டு அட்டையில் இவற்றின் பெயரை எழுதிக் குலுக்குங்கள். ஐந்து அட்டையை எடுத்து வரிசையாக வையுங்கள். அதே ஐந்து வேகன், அதே வரிசையில் ஒன்றாம் பாதையில் நிற்க வேண்டும். வேகனைக் கையால் தூக்கக் கூடாது. என்ஜின்தான் இழுக்க வேண்டும், தள்ள வேண்டும்.

"இவ்வளவுதானா? இரண்டு நாளில் அலுத்துவிடுமே!" என்பீர்கள்.

எட்டு வேகனில் முதல் இடத்துக்கு எட்டு வழி. அடுத்ததற்கு ஏழு. பிறகு ஆறு, ஐந்து, நாலு. பெருக்கிப் பாருங்கள். 6,720 வகை ரெயில்! தினம் ஒன்று வீதம் போட்டால் 18 ஆண்டுக்கு மேல் ஆகும். பள்ளிக்கூடம் சேர்ந்த பையன் காலேஜ் முடித்து வேலைக்குப் போகும் வரை ஓடும்.

வேகன் ஏன் எட்டு? மூன்று பாதையும் சேர்ந்து 11 வேகன் கொள்ளும். எட்டு போக மூன்று இடம் காலி. என்ஜின் ஒரு தடவையில் இழுத்து வைத்துக்கொள்ளக்கூடியதும் மூன்றுதான். பதினைந்து எண் கட்டைகளை நகர்த்தி வரிசையாக்கும் விளையாட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்குமே, அதே தந்திரம். காலி இடம் இல்லாவிட்டால் எதுவும் அசையாது. காலி இடம் அதிகமானால் மூளைக்கு வேலை இல்லை.

ஒரு சின்ன உதாரணம். பதனிட்ட தோல் வேகன் இரண்டாம் பாதையின் கோடியில் நிற்கிறது. அதற்கு முன்னால் உப்பு வேகன் வழியை மறிக்கிறது. தோல் வேகன்தான் ஒன்றாம் பாதையில் முதலில் போய் நிற்க வேண்டும். என்ஜின் இரண்டாம் பாதைக்குள் போகிறது. இரண்டையும் மாட்டிக்கொண்டு வெளியே வருகிறது. இப்போது என்ஜினுக்குப் பக்கத்தில் உப்பு. அதற்கு அப்பால் தோல். பாயிண்டை மாற்று. ஒன்றாம் பாதைக்குள் தள்ளு. தோல் முன்னால் போகிறது. உப்புக்கும் தோலுக்கும் நடுவே கழற்று. தோல் கோடியில் நின்றுவிட்டது. உப்போடு என்ஜின் திரும்பி வந்து, மூன்றாம் பாதையில் அதை விடுகிறது.

படிக்கச் சுலபம். எட்டு வேகனும் எதிரும் புதிருமாக நிற்கும்போது செய்து பாருங்கள்! அண்ணன் திணறுவான். பாவாடை கட்டிய தங்கை பின்னால் நின்று, "அண்ணா, முதல்லே கடுக்காயை வெளியே எடு" என்பாள். அவள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பலகை வேலை

ஒன்பது மில்லி மீட்டர் பிளைவுட். அடியில் ரீப்பர் கட்டையால் சட்டம். சட்டம் இல்லாவிட்டால் பலகை வளையும். வளைந்த பலகையில் ரெயில் தடம் புரளும். கறையான் மருந்து அடித்துவிடுங்கள். மேசைமேல் வைக்கலாம்; சுவரில் தாங்கி அடித்தும் பொருத்தலாம். பையனின் மார்பளவு உயரம் நல்லது. குனிந்து கண்ணைப் பலகைக்கு நேராக வைத்தால், உண்மை ஸ்டேஷனில் நிற்பதுபோல இருக்கும்.

தண்டவாளத்தை முதலில் ஆணி அடிக்காமல் சும்மா வைத்துப் பாருங்கள். என்ஜினையும் வேகன்களையும் நிறுத்தி அளவு சரிபாருங்கள். ஒரு வாரம் அப்படியே விளையாடுங்கள். திருப்தியான பிறகே ஆணி. அவசரப்பட்டு அடித்தவர்கள் பிடுங்கி அடித்திருக்கிறார்கள்.

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சித்திரை வைகாசியில் தண்டவாளம் நீளும். மழைக்காலத்தில் மரம் உப்பும். தண்டவாளத் துண்டுகளை முட்டிக்கொள்ளும்படி நெருக்கி வைக்காதீர்கள். நடுவே அஞ்சலட்டை கனத்துக்கு இடைவெளி விடுங்கள்.

மின்சாரம் எப்படி? சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை டிரான்ஸ்பார்மர் 12 வோல்ட்டாகக் குறைத்து, நேர் மின்சாரமாக மாற்றிக் கொடுக்கிறது. அதிலிருந்து இரண்டு கம்பி, இரண்டு தண்டவாளத்துக்கு. சக்கரம் வழியாக மோட்டாருக்குப் போகிறது. குமிழைத் திருகினால் வேகம் கூடும். கம்பிகளை மாற்றும் விசையைத் தட்டினால் என்ஜின் பின்னோக்கி வரும். 12 வோல்ட்டைக் குழந்தை தொட்டாலும் ஆபத்து இல்லை. ஆனால் டிரான்ஸ்பார்மரைக் கழற்றிப் பார்க்கும் ஆராய்ச்சி மட்டும் கூடாது. பிளக்கைப் பெரியவர்கள்தான் மாட்ட வேண்டும்.

வேகன்களைக் கழற்ற மெல்லிய மூங்கில் குச்சி போதும். கொக்கிகளுக்கு நடுவே விட்டுத் திருகினால் பிரிந்துவிடும்.

எதற்குச் செலவு செய்யலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்? என்ஜினிலும் பாயிண்டிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். மெதுவாக ஊர்ந்து போகத் தெரியாத என்ஜின் ஷண்டிங்குக்கு உதவாது. வெளிநாட்டுச் சரக்கு விலை அதிகம்தான். ஆனால் ஒரு என்ஜின், இரண்டு பாயிண்டு போதுமே! வேகன்களுக்குச் சக்கரமும் கொக்கியும் மட்டும் வாங்கி, மேல் கூட்டை அட்டையில் செய்யலாம். கட்டடங்களுக்குக் காசே வேண்டாம். கூட்ஸ் ஷெட்டுக்குக் காலி அட்டைப் பெட்டி. கூரைக்கு மடித்த நெளி அட்டை. குடியாத்தம் பக்கத்துத் தீப்பெட்டிகளை அடுக்கினால் ரெயில்வே குடியிருப்பு தயார். காய்ந்த வேலிக்குச்சியில் பஞ்சைப் பச்சைச் சாயத்தில் நனைத்து ஒட்டினால் மரம். ஸ்டேஷன் வாசலில் ஒரு பிரியாணிக் கடை கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஆம்பூர் என்று யார் நம்புவார்கள்? பின்னால் சுவரில் ஒரு நீள அட்டையை நிறுத்தி, நீல நிறத்தில் மலைத் தொடரைத் தீட்டுங்கள். அந்தப் பக்கத்து வானத்தில் மலை இல்லாத திசை ஏது?

தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லி போட, சலித்த ஆற்று மணலைப் பசைத் தண்ணீரில் ஒட்டலாம். பாலாற்றில் தண்ணீர் கிடைக்காவிட்டாலும் மணல் கிடைக்கும். (தோல் ஷாப்புக் கழிவு அந்த ஆற்றில் கலந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1996-ல் தீர்ப்பானது. அது வேறு கதை. சிரிப்புக் கதை அல்ல.) மணலில் ஒரு எச்சரிக்கை. ஆற்று மணலில் இரும்புச் சத்துள்ள கருமணல் கலந்திருக்கும். என்ஜின் மோட்டாருக்குள் காந்தம் உண்டு. கருமணல் உள்ளே ஏறினால் மோட்டார் பாழ். முதலில் ஒரு காந்தத்தை மணலில் துழாவி, ஒட்டுவதையெல்லாம் எடுத்துவிடுங்கள்.

கோலிக்குண்டு காட்டும் வழி

ஷண்டிங் கைவந்த பிறகு, "வேறு ஊரிலிருந்து ரெயில் வர வேண்டும்" என்று ஆசை வரும். வரட்டும். ஒன்றாம் பாதையை வலப்பக்கம் நீட்டி, மலைப் படத்துக்குப் பின்னால் இரண்டு தண்டவாளம் போடுங்கள். அங்கே ஒரு ரெயிலை ஒளித்து வையுங்கள். ஆம்பூரில் இருக்கிறவர்களுக்கு அதுதான் காட்பாடி!

அமெரிக்காவில் பிராங்க் எல்லிசன் என்று ஒருவர். 1940-களில் மாதிரி ரெயில் பத்திரிகையில் தொடராக எழுதினார். மாதிரி ரெயில் ஒரு நாடகம் என்பது அவர் கட்சி. ஸ்டேஷன்தான் மேடை. ரெயில்கள்தான் நடிகர்கள். கால அட்டவணைதான் கதை. நம் ஊர்க் கூத்தில் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று, தன் முறை வந்ததும் வெளியே வருகிறாரல்லவா? மலைக்குப் பின்னால் நிற்கும் ரெயிலும் அப்படித்தான்.

கடிகாரத்தையும் கொஞ்சம் முடுக்கிவிடலாம். நமது ஒரு நிமிஷம் பலகையில் பத்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழு நாளின் வேலை இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குச் சரியான அளவு.

வேலூர் கண்டோன்மெண்டை இரண்டாவது பலகையில் கட்டினால் இன்னும் சுவை. அது ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக இரண்டு ரெயில் ஒரே பாதையில் வந்தால் என்ன ஆவது? உண்மை ரெயில்வே இதற்கு ஓர் அருமையான வழி கண்டது. இரண்டு ஸ்டேஷனிலும் பூட்டிய கருவி. அடுத்த ஸ்டேஷன் சம்மதித்தால்தான் அதிலிருந்து ஓர் உலோகப் பந்து வெளியே விழும். ஒன்று வெளியே இருக்கும்போது இரண்டாவது விழாது. அந்தப் பந்து கையில் இல்லாமல் டிரைவர் அந்தப் பாதையில் நுழையக் கூடாது. நீல்ஸ் டோக்கன் என்று அதைச் சொல்வார்கள். ஒற்றைப் பாதைகளில் எத்தனையோ உயிரைக் காத்தது அந்தப் பந்து.

வீட்டில் அதற்கு ஒரு கோலிக்குண்டு போதும். ஒரே ஒரு குண்டுதான். அது யார் கையில் இருக்கிறதோ, அவர் ரெயில்தான் போகலாம். காட்பாடியில் அக்கா, வேலூரில் தம்பி.

"அக்கா, லைன் கிளியர் கொடு!"

"இருடா, திருப்பதி வண்டி இன்னும் வரல்லே."

தம்பி காத்திருக்க வேண்டும். அழுதாலும் சரி, குண்டு வந்தால்தான் ரெயில். பெரியவர் சின்னவர் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

பழங்காலம் வேண்டாம், இந்தக் காலமே வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒரு நல்ல ரெயில் உண்டு. 2019 ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்குக் குடிதண்ணீர் ரெயில் போனதே, நினைவிருக்கிறதா? 50 டாங்கி வேகன். 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர். பலகையில் ஐந்து டாங்கி போதும். தண்ணீர் நிரப்ப இத்தனை நிமிஷம், போய்ச்சேர இத்தனை நிமிஷம், காலி ரெயில் திரும்ப இத்தனை நிமிஷம் என்று அட்டவணை போடுங்கள். எதிரே வரும் எக்ஸ்பிரஸைத் தாமதப்படுத்தாமல் ஒரு நாளைக்கு எத்தனை நடை அடிக்க முடியும் என்று பாருங்கள். அன்று அதிகாரிகள் போட்ட கணக்கும் இந்த ஜாதிதான்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் புனே போகும்போது ஜோஷி மாதிரி ரெயில் காட்சிசாலையைத் தவறவிட வேண்டாம். காலஞ்சென்ற பாவ்சாகேப் ஜோஷி என்பவரின் ஆசையில் உருவானது. 1998 ஏப்ரல் 1-ந் தேதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரு முழு நகரத்துக்கு நடுவே ரெயில்கள் ஓடும்.

கடைசியாக ஒரு தொழில்நுட்ப விஷயம். ஆம்பூர்ப் பலகை ஒரு சுவரிலும், வேலூர்ப் பலகை எதிர்ச் சுவரிலும் இருந்தால், நடுவே அறைக் கதவு குறுக்கிடும். கதவின் குறுக்கே எடுத்து எடுத்து வைக்கும்படி ஒரு பாலம் செய்யுங்கள். அதுவே பாலாற்றுப் பாலம். ஆனால் யாராவது காப்பி கொண்டு வரும்போது பாலத்தைத் தூக்குவீர்கள். அந்த நேரம் பார்த்து ரெயில் வந்தால் தரையில்தான் விழும். ஆகவே பாலத்துக்கு இரு பக்கமும் இரண்டடித் தண்டவாளத்தைத் தனியாகப் பிரித்து, அதற்குப் போகும் மின்சாரக் கம்பியைப் பாலத்தின் வழியாகவே கொண்டு போங்கள். பாலத்தை எடுத்தால் கம்பியும் பிரியும்; மின்சாரம் நின்றுவிடும். ரெயில் கரையிலேயே நின்று, காப்பி உள்ளே போகும் வரை காத்திருக்கும்.